வியட்நாம் அண்ணனின் இடது கன்னம்

வியட்நாம் உலகப் படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாமல், வியட்நாம் நேரப்படி எழுந்து, வியட்நாம் நேரப்படி சாப்பிட்டு, வியட்நாம் நேரப்படி வீட்டுக்குப் போகும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். மறுக்கிறவர்கள் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் எழுதலாம். நான் பதில் போடப் போவதில்லை.

நான் நான்கு வருடம் வேலை பார்த்த கம்பெனி அங்கேதான் இருக்கிறது. பாக்குமட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. முன்பக்கம் ஹைவே, பின்பக்கம் ரயில் பாதை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சிமெண்ட் லாரி. அச்சு மெஷின் ஆறு, பெண்கள் இருபத்தாறு பேர், ராவுத்தர் முதலாளி, அப்புறம் நான். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுவது என் வேலை. 'டியர் மேடம்' வரைக்கும் மளமளவென்று வந்துவிடும். அதற்குப் பிறகு அரை நாள் ஆகும்.

வியட்நாம் அண்ணன் செக்கிங் பார்ப்பவர். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு தட்டும் அவர் கை பட்டுத்தான் பெட்டிக்குள் போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒருமுறை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பி அனுப்பிவிட்டோம். அண்ணனும் பக்கத்தில் நின்று, "ஆமாங்க, அப்புடி ஆருமில்லீங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் ஒரே வரியில் மெயில் அனுப்பினார். இனிமேல் தட்டு வேண்டாம், வியட்நாமில் உங்களைவிட மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கிறது என்பது அதன் சாரம். முதலாளி ஊரில் இல்லை. கெட்ட சேதியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேராகப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அங்க இப்ப மணி என்னங்கம்மிணி?" என்று கேட்டார்.

போனில் பார்த்துச் சொன்னேன். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

"அதானே பாத்தேன்!" என்றார். "நெதமும் ஒன்றர மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சர்றான். நாம போயி மெசின் சுச்சப் போடறப்ப அவன் பாதி லோடு ஏத்திப்போடறான். அப்பறம் எப்புடிங்க நாம ஜெயிக்கறது?"

பூமி உருண்டை என்றேன். அங்கே சூரியன் முன்னாலேயே உதிக்கிறது, அதற்கேற்றபடி முன்னாலேயே மறைந்துவிடுகிறது என்றேன். மேஜையில் கிடந்த எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பூமி என்னமோ சுத்தட்டுமுங்க. ஆர்டரு சுத்தி அங்க போயி நின்னுக்கிச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அடுத்த நாள் செக்கிங் மேஜைக்கு மேலே புதிதாக ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கியது. அது ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடியது. அன்றிலிருந்து அண்ணனும் அப்படியே ஓடினார்.

எட்டு மணி வேலைக்குக் காலை ஆறரைக்கே வந்துவிடுவார். பத்தரைக்குத் தூக்குப்போசியைத் திறந்து மத்தியானச் சோறு சாப்பிடுவார். மாலை மூன்றரைக்கு முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் இந்தக் கணக்கில் போய், மேளக்காரர்களுக்குப் போட்ட பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டார் என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஊட்டுல ரெண்டு கடியாரம் கண்ணு. பால்காரரு ஒண்ணப் பாத்து வர்றாரு, இவரு இன்னொண்ணப் பாத்துக் காப்பி கேக்கறாரு. நடுவுல நா என்ன பண்றது?"

பெண்கள் எட்டு மணிக்கு உள்ளே நுழையும்போது அண்ணன் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார். "அங்க டீக்குடியே முடிஞ்சு போச்சுங்க. நீங்க இப்பத்தான் வர்றீங்க."

மூன்றாம் நம்பர் மெஷின் சரசு அக்கா யாருக்கும் அடங்காதவர். "அப்ப அந்த டீல ஒரு கிளாசு எங்குளுக்கும் கொண்டாரச் சொல்லுங்ணா."

இதற்கு நடுவில் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். தலைப்பு 'சர்வதேச வர்த்தகப் போட்டித்திறன்'. உற்பத்தியில் போட்டி, சேவையில் போட்டி, தரம், விலை, நேரம் என்று சுவரில் படம் படமாகக் காட்டினார். முதலாளி முதல் வரிசையிலேயே கண் அசந்துவிட்டார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் அண்ணன் எழுந்தார்.

"ஏனுங் சார், வியட்நாம்காரன் மத்தியானத்துல தூங்குவானுங்களா?"

அதிகாரி சிரித்துக்கொண்டே, அங்கே பல இடங்களில் சாப்பிட்டபின் குட்டித் தூக்கம் போடும் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தூங்கியுமா ஜெயிக்கறான்?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து பத்தே முக்காலுக்கு அட்டைப் பெட்டிகளின்மேல் துண்டை விரித்துப் படுக்க ஆரம்பித்தார். தூக்கம் வராது. கண்ணை மூடிக்கொண்டு கடமையாகப் படுத்திருப்பார்.

கிறுக்கு என்று தள்ளிவிட்டுப் போக முடியாதபடி அவரிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அதுதான் அவருடைய இடது கன்னம்.

மட்டைத் தட்டுக்கு ஜென்ம விரோதி ஈரம். உள்ளே துளி ஈரம் தங்கினாலும், பூட்டிய கண்டெய்னருக்குள் கிடந்து கடல் தாண்டிப் போய்ச் சேரும்போது வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். இதற்காகவே முதலாளி ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு ஊசியைத் தட்டில் குத்தினால் நம்பர் காட்டும். அண்ணன் அதை 'அந்தப் பொட்டி' என்பார், வேண்டாத சம்பந்தியைப் பற்றிப் பேசுகிற குரலில். அவர் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்து, இடது கன்னத்தில் அழுத்தி, ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடுவார். குளிர்ந்தால் ஈரம். குளிராவிட்டால் பெட்டிக்குள். இதற்காகவே தினமும் இடது கன்னத்தை இரண்டு தடவை சவரம் செய்வார். வலது கன்னத்தில் வாரக்கணக்கில் தாடி வளர்ந்து கிடக்கும். மூக்கென்ற சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளும் அந்தப் பக்கம் வேறு ஆளும் எட்டிப் பார்ப்பது போலிருக்கும்.

ஒருமுறை அவருக்குப் பல் வலி வந்து இடது கன்னம் வீங்கிவிட்டது. இரண்டு நாள் ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. முதலாளியே காரில் பாலக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "டாக்டரே, பல்லு போனாச் சாரமில்ல, கன்னத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று கேட்டுக்கொண்டாராம்.

அப்படிப்பட்ட முதலாளியே ஒருநாள் அந்தக் கன்னத்தை நம்ப மறுத்தார்.

அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. கையில் மிச்சம் இருந்தது ஹாலந்திலிருந்து ஒரு வியாபாரி அம்மா அனுப்பிய ஆர்டர்தான். முதல் கண்டெய்னர் நன்றாகப் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுவதும் எங்களிடமே வாங்குவதாக அந்த அம்மா எழுதியிருந்தார். இல்லாவிட்டால் வியட்நாம். இரண்டு பேரிடமும் சாம்பிள் வாங்கி வைத்திருந்தார். இது கிடைக்காவிட்டால் மெஷின்களைக் கழற்றிவிட்டு ஷெட்டை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடப் போவதாக முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார். வாளையாரில் லாரி நிறுத்த இடம் கேட்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இருபத்தாறு பெண்களும் அன்று சாப்பாட்டு நேரத்தில் வாய் திறக்கவில்லை. சரசு அக்காகூடப் பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

போதாக்குறைக்கு அது மழைக்காலம். பாலக்காட்டுக் கணவாயில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் சுவரே வியர்க்கும். எப்படியோ தட்டு அடித்து முடித்தோம். பெட்டி கட்டி முடித்தோம். கண்டெய்னர் லாரி வந்து வாசலில் நின்றது. மறுநாள் கொச்சியில் கப்பலுக்குச் சேர்க்க வேண்டும். லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முதல் பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. அப்போது அண்ணன் அந்தப் பொட்டு வைத்த பெட்டியைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு தட்டை உருவிக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

"ஏத்தாதீங்க" என்றார்.

முதலாளி ஓடிப்போய் மெஷினை எடுத்துவந்து அதே தட்டில் குத்தினார். சரியான நம்பர்தான் காட்டியது. வேறு பத்துத் தட்டுகளில் குத்தினார். பத்தும் சரி.

"மெசினு காஞ்சிருக்குதுன்னு சொல்லுது, வியட்நாமே!"

"கன்னம் ஈரம்னு சொல்லுதுங்க, மொதலாளி. அடிச்சப்பக் காஞ்சுதான் இருந்துச்சு. இங்க அடுக்கி வெச்சதுல மழக்காத்த இழுத்துக்கிச்சு."

"நாளைக்குக் கப்பலு. தவறிப்போச்சுன்னா ஆர்டரு அந்த நாட்டுக்குப் போயிரும். உனக்கு அது தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்களா?" அவர் குரல் அப்படி உயர்ந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நெதம் ஆறரைக்கு எதுக்கு வர்றேன்னு நெனச்சீங்க? அனுப்புனா ஆர்டரும் போகும், பேரும் போகும். அனுப்பலீன்னா ஆர்டரு மட்டுந்தான் போகும்."

சொல்லிவிட்டுக் கண்டெய்னர் கதவுக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெட்டியை மட்டும் தனியாக எடுத்துவைத்து என்ன ஆகிறதென்று பார்ப்பது என்றும், ஹாலந்து அம்மாவிடம் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்பது என்றும் முடிவாயிற்று. கேட்க வேண்டியது யார்? நான்தான்.

என்ன காரணம் எழுதுவது? வேலைநிறுத்தம் என்று எழுதியிருக்கலாம். கேரளம் என்றால் யாரும் நம்புவார்கள். வெள்ளம் என்று எழுதியிருக்கலாம். அரை நாள் யோசித்துவிட்டு, எரிச்சலில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: 'மெஷின் கணக்குப்படி தட்டுகள் காய்ந்திருக்கின்றன. எங்கள் செக்கிங் சூப்பர்வைசரின் இடது கன்னத்தின் கணக்குப்படி ஈரமாக இருக்கின்றன. எங்களுக்கு ஒரு வாரம் வேண்டும்.'

அந்த வரிக்காக என் சீட்டு கிழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பதில் உடனே வந்தது. நாளை உங்கள் நேரப்படி இரண்டு மணிக்கு வீடியோவில் வாருங்கள், அந்தக் கன்னத்தை நான் பார்க்க வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டரைக்கே அண்ணன் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. இடது கன்னத்தில் மூன்று தடவை சவரம் ஆகியிருந்தது. ஒன்றரை மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா திரையில் வந்தார். வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி. எப்படி ஈரம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். அண்ணன் செய்து காட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். மனிதருக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, அவிங்க கைல வியட்நாம் தட்டும் நம்ம தட்டும் இருக்குதான்னு கேளுங்க."

கேட்டேன். இரண்டும் இருந்தன.

"ரெண்டுத்தோட கவரயும் கிழிச்சுக் கன்னத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. எடது கன்னம். எது குளுருதுன்னு அவிங்களே சொல்லட்டும்."

முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். எதிராளி தட்டுத்தான் குளிரும் என்று அண்ணனுக்கு அவ்வளவு நிச்சயம். எனக்கும் அந்தக் கன்னத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கவர்களையும் கிழித்தார். ஒரு தட்டைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். அப்புறம் மற்றது. அப்புறம் மறுபடியும் முதல் தட்டு. உங்கள் தட்டுத்தான் லேசாகக் குளிர்கிறது, வியட்நாம் தட்டு குளிரவில்லை என்றார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிச் சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு பொய்யும் அனுப்பக்கூடாது என்று கண்டெய்னர் கதவில் போய் உட்கார்ந்த மனிதரிடம் எந்த வாயால் பொய் சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

அவர் தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அழுகிற முகமாக இல்லை.

"அப்ப அங்கயும் ஒரு கன்னம் இருக்குதுங்க" என்றார். "நானாட்டவே ஆரோ ஒருத்தரு ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துத்தான் அனுப்பறாரு. இத்தன நாளா அவரப் போயி..."

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு வாரம் தருகிறேன், ஆர்டர் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

நான்காம் நாள் தனியாக எடுத்துவைத்த பெட்டியைப் பிரித்தோம். அடித்தட்டுகளில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். முதலாளி அந்த மெஷினை எடுத்துக்கொண்டுபோய் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "பாத்தீங்களா" என்று அண்ணன் சொல்வார் என்று காத்திருந்தேன். "நல்ல மட்டைங்க, வீணாப்போச்சே" என்றுதான் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய கூத்து. பூத்ததைத் தள்ளிவிட்டு, மிச்சத் தட்டுகள் அத்தனையையும் திரும்பச் சூடான அச்சில் கொடுத்து எடுத்தார்கள். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு எல்லாப் பெண்களும் ஆறரைக்கே வந்தார்கள். "இன்னைக்குத்தான் நாங்களும் வியட்நாமு" என்றார் சரசு அக்கா. சுடச்சுட வருகிற தட்டுகளை அண்ணன் கன்னத்தில் வைத்து வைத்து, இரண்டாம் நாள் அது தக்காளி மாதிரி சிவந்து தோல் உரிந்துவிட்டது. சரசு அக்கா தேங்காய் எண்ணெய் தடவ வந்தார். எண்ணெய் தட்டில் ஒட்டும், ஹாலந்து அம்மா திட்டுவார் என்று அண்ணன் மறுத்துவிட்டார். வலது கன்னத்தைச் சவரம் செய்துகொண்டு அதில் பாருங்கள் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பழக்கமில்லாத கன்னமாம்.

கண்டெய்னர் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, ஹாலந்திலிருந்து மெயில் வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்து வாசித்தேன். வருட ஆர்டரில் பாதி வியட்நாமுக்கு, பாதி எங்களுக்கு. ஈரமாக இருக்கிறது என்று தானே முன்வந்து சொன்ன வியாபாரியை இதுவரை தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'தயவுசெய்து அந்தக் கன்னத்தை மாற்றிவிடாதீர்கள்.'

பெண்கள் போட்ட சத்தத்தில் ஹைவேயில் லாரிகள் வேகம் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின. பாதி போதும், ஷெட் நிற்கும் என்று முதலாளி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அண்ணன் மட்டும் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னி அதத் திருப்பி நம்ம நேரத்துக்கே வெச்சரலாமுங்ணா" என்றேன்.

"வேண்டாமுங்கம்மிணி. அவரும் காத்தால எந்திரிச்சு வந்து ஒத்தைக்கு நின்னு தட்டுத்தானே பாக்கறாரு. தொணைக்கு நானும் இருந்துட்டுப் போறேன்."

நான் அந்த வேலையை விட்டுக் கோயமுத்தூருக்கு வந்து வெகுநாளாயிற்று. இப்போது பெரிய கட்டிடத்தில், குளிர் அறையில், அமெரிக்காவில் இருக்கிறவர்களின் கணக்குச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவர்கள் நேரத்துக்கு எழுந்து, அவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். என் மாடியில் முந்நூறு பேர் அப்படித்தான். பட்டப்பெயர் ஒருத்தருக்கும் கிடையாது, அடையாள அட்டைதான் உண்டு. பிலிப்பைன்ஸில் இதே வேலையை மலிவாகச் செய்கிறார்களாம், மாதம் ஒரு கூட்டத்தில் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஒருநாள் நான் எழுந்து, "பிலிப்பைன்ஸ்காரங்க மத்தியானம் தூங்குவாங்களா சார்?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

என் போனில் இரண்டு வெளியூர்க் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று அமெரிக்கா, அது வேலைக்கு. மற்றது வியட்நாம். இங்கே பத்தரை ஆகும்போது அங்கே பன்னிரண்டு. இந்நேரம் வாளையாரில் அண்ணன் தூக்குப்போசியைத் திறந்திருப்பார். போன் செய்யலாம் என்று கை போகும். சாப்பிடுகிற மனிதரை எழுப்ப வேண்டாம் என்று, அவர் முடிக்கும்வரை அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.